வாசகர் கேள்வி: தலைவர்கள் ஏறும் விமானம்

மீனம்பாக்கத்தில் 31 வருஷம் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் வேலையில் இருந்தேன் என்று போன மாதப் பதில் ஒன்றில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். எனவே இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். சமையல் எரிவாயு பற்றிக் கேட்ட தேனி வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: பருவநிலை மாநாடு என்று சொல்லி உலகத் தலைவர்கள் ஆளுக்கொரு விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். அங்கே நின்றுகொண்டு, புகையைக் குறையுங்கள் என்று நமக்குச் சொல்கிறார்கள். அந்த விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றியவர் நீங்கள். உங்களுக்குக் கோபம் வரவில்லையா? (ஒரு வாசகர், திருச்சி)

ப: வந்திருக்கிறது ஐயா. எப்போது வந்தது என்று சொல்கிறேன்.

பெரிய தலைவர் யாராவது வருகிறார் என்றால் எங்களுக்கு முதல் நாளே வேலை ஆரம்பித்துவிடும். எரிபொருள் கொண்டுபோகும் டேங்கர் லாரியான பவுசர் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, மாதிரி எடுத்துச் சோதித்து, சீல் வைத்து, காவல் போட்டு நிறுத்துவோம். விமானம் வந்து நின்றதும் முதல் காரியம், லாரியையும் விமானத்தையும் இணைக்கும் பாண்டிங் ஒயரை மாட்டுவது. நிலைமின்சாரத்தில் பொறி கிளம்பிவிடக் கூடாது. அப்புறம் கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். பளிங்கு மாதிரி இருக்க வேண்டும். சிரிஞ்சின் முனையில் ஒரு மஞ்சள் வில்லையைச் சொருகி எண்ணெயை உறிஞ்சினால், கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்தாலும் வில்லை பச்சையாகிவிடும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் குழாயைத் திறப்போம்.

அந்த ஜாடியில் இருப்பது மண்ணெண்ணெய்தான். ரேஷனில் நீலச் சாயம் கலந்து ஊற்றினார்களே, அதே ஜாதி. இதில் சாயம் கிடையாது, சுத்தம் அதிகம். என் அம்மா பம்மலில் ரேஷன் வரிசையில் கேனோடு நின்று மூன்று லிட்டர் வாங்கி வருவார். சில மாதம் அதுவும் ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு ராத்திரி ஷிப்டில் லண்டன் போகிற ஒரு ஜம்போ விமானத்துக்கு நான் ஒரு லட்சம் லிட்டர் ஏற்றியிருப்பேன். மீட்டரில் எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அம்மாவின் கேன்தான் கண்ணில் நிற்கும். கோபம் வந்தது அப்போதுதான். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து 3.16 கிலோ கரியமில வாயு ஆகிறது என்பதை அதற்குப் பல வருஷம் கழித்து, ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் தலைவர்கள் மாநாட்டுக்குப் போவதே தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2015இல் பாரிஸ் ஒப்பந்தம் உருவான இடத்தில், கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும் சின்னத் தீவு நாடுகளின் ஆட்கள் பெரிய நாடுகளின் ஆட்களை முகத்துக்கு நேரே பார்த்துப் பேசினார்கள். பூமியின் சூடு 1.5 டிகிரிக்கு மேல் கூடாமல் பார்க்க வேண்டும் என்ற எண் அந்த ஒப்பந்தத்துக்குள் வந்ததே அவர்கள் விடாப்பிடியாக நின்றதால்தான். 2021இல் துவாலு நாட்டு அமைச்சர் சைமன் கோஃபே முழங்கால் அளவு கடல் நீரில் கோட் சூட்டோடு நின்று பேசிய வீடியோவை உலகமே பார்த்தது. பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டது. பலவீனமானவருக்கு நேரில் போய் உட்காருவதுதான் பலம். போகட்டும். போனவர்கள் திரும்பி வந்து எதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கே: 2007இல் பிரிட்டன் பிரதமராக இருந்த டோனி பிளேர், நெடுந்தூர விமானப் பயணத்தை விடச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்றாராமே? அவர் சொன்னது நியாயம்தான் என்கிறான் என் அறைத்தோழன். எனக்கு ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

ப: தம்பி, இந்தக் கதையை முழுசாகச் சொன்னால்தான் புரியும்.

2006 அக்டோபர் கடைசியில் லண்டனில் ஸ்டெர்ன் அறிக்கை வெளியானது. பருவநிலை மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் உலகப் பொருளாதாரத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்ட அறிக்கை. அதை வெளியிட்ட மேடையில் பிளேரும் இருந்தார். இனியும் தாமதிக்கக் கூடாது என்று அழுத்தமாகப் பேசினார். இரண்டு மாதம் கழித்துக் குடும்பத்தோடு அமெரிக்காவின் மயாமிக்கு விடுமுறைக்குப் போனார். திரும்பி வந்ததும், ஜனவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், நீங்கள் இப்படித் தூரத்து விடுமுறைகளை விட்டுக்கொடுக்கலாமே என்று கேட்டார்கள். மக்களிடம் அதையெல்லாம் எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் விமானங்களும் புதிய தொழில்நுட்பமும்தான் வழி என்று பதில் சொன்னார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. உடனே அவர் அலுவலகம், பிரதமரின் சொந்தப் பயணத்தால் வரும் கரியமில வாயுவுக்குப் பணம் கட்டி ஈடுசெய்வோம் என்று அறிவித்தது.

உன் அறைத்தோழன் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. ஒரு மனிதர் மயாமிக்குப் போகாமல் இருப்பதால் பூமி குளிர்ந்துவிடாது. அந்த விமானம் அவர் ஏறாவிட்டாலும் பறந்திருக்கும். ஆனால் நாட்டின் பிரதமர் வாயிலிருந்து, இதை யாரிடமும் கேட்க முடியாது என்று ஒரு சொல் வந்துவிட்டால், ஆறு கோடி பேருக்கு அது அனுமதிச் சீட்டு. வீட்டில் அப்பாவே, விளக்கை யார்தான் அணைப்பார்கள் என்று சொல்லிவிட்டால் எந்தப் பிள்ளை எழுந்து போய் அணைக்கும்?

அதைவிட முக்கியமான ஒன்று அந்தக் கூச்சலில் அமுங்கிப் போய்விட்டது. பிளேரின் அரசு 2003 டிசம்பரில் விமானப் போக்குவரத்து பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 2030க்குள் பயணிகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகலாம் என்று கணித்து, லண்டனுக்கு வடக்கே ஸ்டான்ஸ்டெட்டில் இன்னொரு ஓடுபாதை, சில நிபந்தனைகளோடு லண்டனின் பெரிய விமான நிலையமான ஹீத்ரோவில் மூன்றாவது ஓடுபாதை என்று அது ஆதரவு தந்தது. ஓடுபாதை என்றால் ஐம்பது அறுபது வருஷத்துச் சங்கதி தம்பி. நான் வேலையில் சேர்ந்தபோது இருந்த அதே ஓடுபாதையில்தான் நான் ஓய்வு பெற்ற அன்றும் விமானங்கள் இறங்கின. கட்டிவிட்டால் அதை நிரப்பத்தான் பார்ப்பார்கள். மயாமி டிக்கெட்டைப் பற்றி நாலு நாள் எழுதிய பத்திரிகைகள் இதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு நியாயம் செய்தது ஆகாது. அதே அரசின் நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் விமானப் பயணிகள் வரியை 2007 பிப்ரவரி முதல் இரண்டு மடங்காக்கினார். சாதாரண வகுப்பில் ஐரோப்பாவுக்குள் 5 பவுண்டு இருந்தது 10 ஆனது. நெடுந்தூரத்துக்கு 20 இருந்தது 40 ஆனது. பேட்டி கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதாவது மக்களிடம் கேட்க முடியாது என்று பிரதமர் சொன்னதை அவருடைய அரசாங்கமே, சின்ன அளவில்தான் என்றாலும், கேட்டுவிட்டது. ஆட்சியும் கவிழவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கேட்க முடியாது என்பது உண்மையில்லை. கேட்கத் துணிவு வேண்டும். தானும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தவருக்குத்தான் அந்தத் துணிவு வாயில் வரும். இதை உன் அறைத்தோழனிடம் காட்டு.

கே: விமானங்களால் வரும் புகை உலகத்தில் மொத்தம் இரண்டரை சதவீதம்தான் என்கிறார்கள். அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? (ஒரு வாசகர், ஈரோடு)

ப: கரியமில வாயுவை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை சதவீதம், சரி. ஆனால் உயரத்தில் விமானம் விட்டுப்போகும் வெள்ளைக் கோடுகளும் இருக்கின்றன. அவை மேகமாய்ப் பரவி, முக்கியமாக இரவில், பூமியின் சூடு வெளியேறாமல் போர்வை போலத் தடுக்கின்றன. அதையும் சேர்த்தால் பங்கு கூடிவிடும்.

அப்புறம் அந்த இரண்டரை யாருடையது என்று பாருங்கள். 2018ஆம் வருஷத்தை எடுத்துக்கொண்டு இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு உலக மக்களில் விமானம் ஏறியவர்கள் சுமார் 11 சதவீதம். பயணிகள் விமானப் புகையில் பாதிக்குக் காரணம் அடிக்கடி பறக்கும் ஒரு சதவீதம் பேர். மீதி எண்பத்தொன்பது பேர் பக்கத்தில்தான் என் அம்மா கேனோடு நின்றார்.

கே: கார் ஓட்டினால் பெட்ரோலுக்கு வரி கட்டுகிறோம். விமான எரிபொருளுக்கு வரியே இல்லையாமே? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

ப: உள்நாட்டு விமானங்களுக்கு உண்டு அம்மா. நம் நாட்டில் கலால் வரியும் மாநில வாட் வரியும் போடுகிறார்கள். பெட்ரோல், டீசல் மாதிரி விமான எரிபொருளும் ஜிஎஸ்டிக்கு வெளியேதான் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிற விமானங்கள் கதை வேறு. 1944இல் சிகாகோவில் பல நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தப்படி, விமானத்தின் டேங்கில் ஏற்கனவே இருக்கும் எரிபொருளுக்கு இறங்குகிற நாடு வரி போடக் கூடாது. பிறகு நாடுகள் இரண்டிரண்டாகச் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், புதிதாக ஏற்றும் எரிபொருளுக்கும் அந்தச் சலுகையை நீட்டின. உலகப் போர் முடியாத நேரம். விமானம் என்பதே குழந்தைப் பருவத்தில் இருந்தது. தட்டிக்கொடுத்து வளர்க்க நினைத்தார்கள். எண்பது வருஷம் ஆகிவிட்டது, குழந்தை வளர்ந்துவிட்டது, தொட்டிலை மட்டும் எடுக்கவில்லை.

புகையைக் குறைக்கப் பணக்கார நாடுகளுக்கு இலக்கு வைத்த 1997 கியோட்டோ ஒப்பந்தம் வந்தபோதும், சர்வதேச விமானப் புகையை எந்த நாட்டின் இலக்கிலும் சேர்க்காமல், ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பு பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட்டார்கள். சென்னையில் நான் லண்டன் விமானத்துக்கு ஏற்றிய எண்ணெய் இந்தியாவின் கணக்கில் வராது, பிரிட்டனின் கணக்கிலும் வராது. பிரிட்டன் 2008இல் பருவநிலைச் சட்டம் போட்டபோதும், ஐந்தைந்து ஆண்டுக்கு இவ்வளவு புகைதான் விடலாம் என்று வைத்த கணக்கில் சர்வதேச விமானங்களைச் சேர்க்கவில்லை. 2033 முதல் 2037 வரையிலான கணக்கில் சேர்ப்போம் என்று 2021இல்தான் ஒப்புக்கொண்டார்கள். சட்டம் வந்து 25 வருஷம் கழித்து! தலைவர்களைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எதில் வந்தீர்கள் என்று கேட்கலாம், தப்பில்லை. ஆனால் இது யார் கணக்கு என்று கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும்.

கே: பிரிட்டன் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் திரும்பினார் என்று படித்தேன். ரயில் இல்லையா? (ஒரு வாசகர், காரைக்குடி)

ப: இருக்கிறது. நாலரை மணி நேரம். 2021 நவம்பரில் அந்த மாநாட்டை நடத்தியதே பிரிட்டன்தான். உலகத்தை அழைத்து உட்கார வைத்து, நேரம் நெருங்கிவிட்டது என்று பேசிய பிரதமர், தலைவர்கள் கூட்டத்தின் இரண்டாம் நாள் தனி விமானத்தில் லண்டன் திரும்பி, ஒரு கிளப்பில் விருந்துக்குப் போனார். பிரதமருக்கு நேரம் முக்கியம் என்று அவர் அலுவலகம் விளக்கம் சொன்னது. அடுத்த வாரம் மறுபடி கிளாஸ்கோ போனபோது ரயிலில் போனார். ஆக, முடியாத காரியம் இல்லை.

ஆனால் அவரைப் பற்றி எனக்கு மனதில் தங்கியது வேறொரு பயணம். ஹீத்ரோவுக்குப் பக்கத்துத் தொகுதியின் எம்.பி.யாக 2015இல் வந்தபோது, மூன்றாவது ஓடுபாதை கட்ட வந்தால் புல்டோசர் முன்னால் படுத்துவிடுவேன் என்றார். 2018 ஜூன் 25ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அந்த ஓடுபாதைக்கு வாக்கெடுப்பு. வெளியுறவு அமைச்சரான ஜான்சன் அன்றைக்கு ஆப்கானிஸ்தானுக்கு விமானம் ஏறியிருந்தார். அவர் கட்சியில் கிரெக் ஹாண்ட்ஸ் என்பவர், தொகுதி மக்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அமைச்சர் பதவியையே விட்டுவிட்டு எதிர்த்து ஓட்டுப் போட்டார். அவர் எந்த வகுப்பில் பறந்தார் என்று எனக்குக் கவலையில்லை. அந்த ஓட்டு போதும்.

கே: என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போய் வருகிறோம். போன முறை பத்து வயதுப் பேரன், பாட்டி நீங்கள் வருவதால் பூமி சூடாகிறது என்று ஸ்கூலில் சொன்னார்கள் என்றான். அன்றிலிருந்து மனசே சரியில்லை. போகாமல் இருக்க வேண்டுமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

ப: போய் வாருங்கள் அம்மா. பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வதை விடச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, யாருக்கும் இல்லை.

ஆனால் பேரன் சொன்னது பொய்யில்லை, அதையும் மறைக்க மாட்டேன். சென்னையிலிருந்து லண்டன் வரை சாதாரண வகுப்பில் ஒரு ஆளுக்கு ஏறத்தாழ 700 கிலோ கரியமில வாயு. போக வர 1.4 டன். நீங்கள் போவது அதைவிட ரொம்பத் தூரம். இரண்டு டன்னைத் தாண்டிவிடும். ஒரு இந்தியரின் ஒரு வருஷத்துச் சராசரியே இரண்டு டன் அளவுதான். எண் பெரியதுதான். அதனால் சில காரியங்கள் செய்யலாம். இரண்டு தடவை ஒரு மாதம் போவதற்குப் பதில் ஒரே தடவை போய் மூன்று மாதம் இருந்து வாருங்கள். பேரனுக்கும் அதுதான் பிடிக்கும். பிசினஸ் வகுப்பு வேண்டாம்; ஒரு சீட்டு மூன்று பேர் இடத்தை அடைக்கிறது, புகைக் கணக்கும் அந்த அளவுக்கு ஏறுகிறது. முழங்கால் வலி இருந்தால் மட்டும் அது வேறு விஷயம்.

அடுத்த முறை பேரனிடம் இதைச் சொல்லுங்கள்: பாட்டி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை உன்னைப் பார்க்க வருகிறேன், வாரத்துக்கு இரண்டு தடவை கூட்டத்துக்குப் பறப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேள். குழந்தையின் கேள்வியை அடக்க வேண்டாம், கேட்க வேண்டிய பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

கே: டிக்கெட் எடுக்கும்போது கூடுதலாகப் பணம் கட்டினால் மரம் நடுகிறோம் என்கிறார்களே, கட்டலாமா? (ஒரு வாசகர், புதுச்சேரி)

ப: மரத்துக்காகக் கட்டுங்கள், நல்லது. ஆனால் பறந்த கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு கட்ட வேண்டாம். புகை இன்றைக்கே மேலே போய்விடுகிறது, நூறு வருஷத்துக்கு மேலும் நிற்கும். கன்று அதை உறிஞ்ச இருபது முப்பது வருஷம் ஆகும், அதுவும் பிழைத்தால். எங்கள் தெருவில் நாங்கள் வைத்த பதினாறு புங்கன் கன்றுகளில் இப்போது இருப்பது ஐந்து. தண்ணீர் ஊற்றிய ஆள் ஊர் மாறிப் போய்விட்டார்.

கே: பருவநிலைக்காகப் போராடும் ஸ்வீடன் பெண் கிரெட்டா துன்பர்க் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தாரே, அது விளம்பரம்தானே? (ஒரு வாசகர், சேலம்)

ப: 2019 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு இரண்டு வாரம், கழிப்பறைகூட இல்லாத பாய்மரப் படகில் போனார். பதினாறு வயது. அந்தப் படகுக்காரர்களில் சிலர் விமானத்தில் போய்வர வேண்டியிருந்தது என்ற குறையும் உண்மைதான். ஆனாலும் அவர் நாட்டில் அந்த ஆண்டு விமான நிலையங்களில் பயணிகள் எண்ணிக்கை 4 சதவீதம் குறைந்தது, ரயிலில் கூட்டம் கூடியது. பறக்க வெட்கப்படுவதற்கு ஸ்வீடன்காரர்கள் ஒரு சொல்லே உண்டாக்கினார்கள். வருத்தம் என்னவென்றால், 2018இல் அங்கே கொண்டுவந்த விமான வரியை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். சின்னப் பெண் செய்ததைத் தலைவர்கள் பிடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

கே: பரந்தூர் விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா? மழுப்பாமல் சொல்லுங்கள். (ஒரு வாசகர், காஞ்சிபுரம்)

ப: மழுப்பவில்லை. மீனம்பாக்கத்தில் இடம் போதவில்லை என்பது எனக்குக் கண்கூடு. விமானங்கள் இறங்க முறைக்காக வானத்தில் வட்டமடித்ததைக் கீழே நின்று பார்த்தவன். ஆனால் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கப்போகும் திட்டம் அது. அதற்குள் வயல் இருக்கிறது, ஏரி இருக்கிறது. ஏகனாபுரத்து மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஹீத்ரோ பக்கத்தில் சிப்சன் என்று ஒரு கிராமம் இருபது வருஷத்துக்கும் மேலாக இதே மாதிரி, வீடு இருக்குமா போகுமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளை பூசலாமா, கூரை மாற்றலாமா என்றுகூட முடிவெடுக்க முடியாத வாழ்க்கை அது.

நம் மாநிலத்தில் காலநிலை மாற்ற இயக்கம் என்று 2022இல் அரசே தொடங்கியது. நல்ல காரியம். அதே ஆண்டில்தான் பரந்தூரும் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, அங்கே வருஷத்துக்கு எவ்வளவு எரிபொருள் ஏறும், அந்தப் புகையை யார் கணக்கில் எழுதுவோம் என்று அரசு வெளிப்படையாகச் சொல்லட்டும். அதைச் சொல்லாத வரை என் பதில் வேண்டாம் என்பதுதான்.

கே: வேலை விஷயமாக மாதம் இரண்டு தடவை கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய் வருகிறேன். என்னால் என்ன செய்ய முடியும்? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

ப: பிரான்ஸில் 2023 மே மாதம் ஒரு விதி வந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்தால் அந்தத் தடத்தில் விமானம் கிடையாது. பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ ஆகிய மூன்று தடங்கள்தான் அதில் நின்றன. கொஞ்சம்தான், ஆனால் ரயில் நன்றாக இருந்ததால்தான் அரசால் அதையும் கேட்க முடிந்தது.

உங்கள் ஊருக்கு 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத் இருக்கிறது. காலை 6 மணிக்குக் கோவையில் ஏறினால் மதியத்துக்குள் சென்ட்ரல். வீட்டிலிருந்து பீளமேடு விமான நிலையம் போய், ஒன்றரை மணி நேரம் முன்னால் வரிசையில் நின்று, பறந்து, மீனம்பாக்கத்திலிருந்து நகரத்துக்குள் வரும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் ஒன்றரை இரண்டு மணி நேரம்தான் வரும். ஒரு மாதம் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஜன்னல் பக்கம் கேட்டு வாங்குங்கள். திருப்பூர் தாண்டினால் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் சேர்த்து எழுதினால், ஈரோட்டில் ஏறப்போகும் எனக்கும் உதவும்.